ஸ்கோர் எவ்வளவுங்க?

ஞாயிற்றுக்கிழமை. தீர்த்தமலை அடிவாரத்து டீக்கடை டிவியில் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. மேலே ராமர் தீர்த்தத்தில் குளித்துவிட்டு, ஈர வேட்டியும் கையில் தீர்த்தக் கேனுமாக ஒரு பெரியவர் இறங்கி வந்தார். வாசலில் நின்றபடியே, “ஸ்கோர் எவ்வளவுங்க?” என்று கேட்டார். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார். அதற்குப் பிறகுதான் பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

என் பக்கத்தில் இருந்த தம்பி அரூரில் கல்லூரியில் படிக்கிறவன். பொங்கலுக்கு ஊரில் நடக்கும் கிரிக்கெட் போட்டிக்கு மைக் பிடிக்க அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “வர்ணனைன்னா என்னண்ணா சொல்லணும்?” என்று கேட்டான். “இப்போ அந்தப் பெரியவர் கேட்டாரே, அதை முதல்ல சொல்லணும்” என்றேன்.

இது சின்ன விஷயம் போலத் தெரியும். வர்ணனைக்காரர் காலையிலிருந்து மைதானத்தில் இருக்கிறார். ஸ்கோர் அவருக்கு மனப்பாடம். கேட்கிறவர்கள் அப்படியில்லை. டீக்கடைக்கு ஆள் வருவதும் போவதுமாக இருப்பதைப் போல ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவர் புதிதாக வந்து ரேடியோவுக்குக் காது கொடுக்கிறார். அமெரிக்காவில் ரெட் பார்பர் என்று பேஸ்பால் வர்ணனையாளர் ஒருவர் இருந்தார். முட்டை வேகும் நேரம் பார்க்க வீட்டில் வைத்திருக்கும் மூன்று நிமிட மணல் கடிகாரத்தை மைக் பக்கத்திலேயே வைத்திருப்பார். மணல் முழுக்க இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். இந்தத் தொழிலுக்கு அதைவிட நல்ல கருவி இன்றுவரை வரவில்லை என்பது என் எண்ணம்.

1927 ஜனவரியில் பிபிசி தன் முதல் விளையாட்டு நேர்முக வர்ணனையை ஒலிபரப்பியது. இங்கிலாந்தும் வேல்ஸும் மோதிய ரக்பி ஆட்டம் அது. வர்ணனை செய்த வேக்லமுக்குப் பக்கத்தில் பார்வையற்ற ஒருவரை உட்கார வைத்து, இவருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்றார்கள். பாடம் முழுக்க அதிலேயே இருக்கிறது.

தமிழில் சொல்வதற்குக் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. நம் மொழியில் வினை கடைசியில்தான் வந்து உட்காரும். ‘ஸ்ரீகாந்த் அந்தப் பந்தை எக்ஸ்ட்ரா கவர் திசையில் ஓங்கி அடித்தார்’ என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியிருக்கும். வேகப்பந்து வீச்சாளரின் கையை விட்ட பந்து மட்டைக்கு வர அரை விநாடிகூட ஆகாது. சேப்பாக்கத்துக் கூட்டம் ‘ஓ’வென்று கத்துவது ரேடியோவில் கேட்டுவிடும். அடித்தாரா, அவுட்டா என்ற சேதி மட்டும் வாக்கியத்தின் வாலில் மாட்டிக்கொண்டிருக்கும். கேட்கிறவர் தவித்துப்போவார். ஆங்கிலத்தில் பேர் சொன்ன அடுத்த வார்த்தையே வினைதான். அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதனால் வாக்கியத்தை ஒடிக்க வேண்டும். “வீசினார். அடித்தார். தரையோடு போகிறது, எக்ஸ்ட்ரா கவர் பக்கம். நான்கு!” நடந்தது முதலில், திசை பிறகு. நீளமாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் பந்துவீச்சாளர் திரும்பி நடக்கும் நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். யார் எங்கே நிற்கிறார், காற்று எந்தப் பக்கம், சேப்பாக்கம் என்றால் பட்டாபிராமன் கேட் முனையிலிருந்து வருகிறாரா, அண்ணா பெவிலியன் முனையிலிருந்தா என்பதெல்லாம் அப்போது.

அகில இந்திய வானொலியில் கூத்தபிரான், ராமமூர்த்தி, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் ஆகியோர் இந்த வித்தையைக் காதுக்கு இனிமையாகச் செய்து காட்டினார்கள். கூத்தபிரான் நாடகக்காரர்; குழந்தைகளுக்கு அவர் ‘வானொலி அண்ணா’. 2020 டிசம்பரில் மறைந்த ஜப்பார் இலங்கை வானொலி நாடகங்களில் நடித்துப் பழகியவர். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வானொலி நாடகத்தில் முகம் கிடையாது, மேடை கிடையாது. மூச்சை எங்கே விடுவது, எங்கே பிடிப்பது என்பதுதான் நடிப்பு. அந்த மூச்சுக் கணக்கோடு மைதானத்துக்கு வந்தவர்களால்தான் நல்ல தமிழையும் விடாமல், பந்தையும் தவறவிடாமல் சொல்ல முடிந்தது.

தம்பிக்கு ஒரு ஓவரைச் சொல்லிக் காட்டினேன். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர், நான்கு ரன் தேவை, ஒரே விக்கெட் பாக்கி. வீசுகிறவர் மேத்யூஸ், எதிரில் சாஸ்திரி. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் ஒன்று, ஸ்கோர் சமம். நான்காவது பந்தை மனிந்தர் சிங் தடுத்தார். ஐந்தாவது... “காலில் பட்டது. அப்பீல். கை உயர்ந்தது. அவுட்!” அதோடு நிறுத்தினேன். டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது டை என்பதையெல்லாம் பத்து விநாடி கழித்துச் சொல்லலாம். அந்தப் பத்து விநாடியும் கூட்டத்தின் சத்தத்துக்கு. கையில் கிளாஸோடு தம்பி அப்படியே இருந்தான்.

இன்று ஸ்கோர் திரையின் ஓரத்தில் எப்போதும் நிற்கிறது. அதனால் டிவி வர்ணனையில் பழைய கதை பேச நிறைய இடம் இருக்கிறது. முன்னாள் ஆட்டக்காரர்கள் சொல்லும் நுணுக்கங்களை நானும் விரும்பித்தான் கேட்கிறேன். ஆனால் அடுப்படியில் இருந்துகொண்டு கேட்கும் அம்மாவுக்கும் பார்வையற்றவருக்கும் அந்தத் திரை இல்லை. ஊர் மைதானத்திலும் அப்படித்தான். புளியமரத்தடியில் நிற்பவருக்கும், மாட்டைக் கட்டிவிட்டுப் பாதி ஆட்டத்தில் வருகிறவருக்கும் ஒலிபெருக்கிதான் ஸ்கோர் போர்டு.

பொங்கலுக்கு மைக் பிடிக்கப்போகிற தம்பிகள் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: ஓவருக்கு இரண்டு தடவையாவது ஸ்கோரைச் சொல்லுங்கள்.