வானத்திற்குத் திறந்த வீடு

ஒளியும் காற்றும் தடையின்றி வீட்டினுள் வரவேண்டும். அயலார் பார்வை மட்டும் வரக்கூடாது. வீடு கட்டுவோர் அனைவரும் விரும்புவது இதுவே. ஆனால், ஒளி நுழையும் வழியிலேயே பார்வையும் நுழைந்துவிடுகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், எடித் பார்ன்ஸ்வொர்த் என்னும் மருத்துவருக்காக மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த வீடு 1951இல் நிறைவுற்றது. ஆற்றங்கரையில் அமைந்த அவ்வீட்டின் நான்கு புறமும் கண்ணாடிச் சுவர்களே. ஆறும் மரங்களும் வீட்டிற்குள் வந்துவிட்டதுபோல் தோன்றும் அழகைப் பலர் வியந்தனர். அதன் உரிமையாளரோ அங்கே மறைவு சிறிதும் இல்லை எனக் குறைபட்டார்.

ஜப்பானின் ஒசாகா நகரில் தடாவோ ஆண்டோ 1976இல் கட்டிய சுமியோஷி வீடு இதற்கு நேர்மாறானது. நெருக்கமான வரிசை வீடுகளுக்கு இடையே அமைந்த அவ்வீட்டின் அகலம் ஏறத்தாழ 3.3 மீட்டர், நீளம் 14 மீட்டர். தெருவை நோக்கிய கான்கிரீட் சுவரில் வாயில் மட்டுமே உண்டு. சன்னல் ஒன்றும் இல்லை. கடந்து செல்வோர் அதனைக் கிடங்கு எனக் கருதினும் வியப்பில்லை. உள்ளே நுழைந்தாலோ, வீட்டின் நடுவே மூன்றில் ஒரு பங்கு கூரையற்ற முற்றமாக விடப்பட்டிருக்கிறது. முன்பகுதியிலும் பின்பகுதியிலும், கீழும் மேலுமாக அமைந்த அறைகள் யாவும் கண்ணாடி வழியே அம்முற்றத்தை நோக்குகின்றன. வெயிலும் மழையும் வீட்டின் நடுவில் இறங்குகின்றன. தெருவில் நிற்பவர் எதனையும் காண இயலாது.

நம் ஊர்களின் முற்றம் வைத்த வீடுகளை இது நினைவூட்டும். ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. நம் வீடுகளில் முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் ஓடும். மழைக்காலத்திலும் நனையாமல் அறைக்கு அறை செல்லலாம். ஆண்டோ தாழ்வாரம் வைக்கவில்லை. மாடியின் இரு படுக்கையறைகளை இணைக்கும் பாலமும், கீழிறங்கும் படிக்கட்டும் திறந்தவெளியிலேயே உள்ளன. குளியலறையோ கீழ்த்தளத்தின் பின்புறத்தில் இருக்கிறது. மழை பெய்யும் இரவில் அங்குச் செல்லக் குடை வேண்டும்!

இது குறையே என்பதில் ஐயமில்லை. முதியோர் வாழும் வீட்டிற்கு இவ்வமைப்பு சற்றும் பொருந்தாது. எனினும், இருபுறமும் வீடுகள் நெருக்கும் அச்சிறிய மனையில் நடுப்பகுதியைத் திறந்துவிட்டதனால்தான் எல்லா அறைகளுக்கும் ஒளி கிடைத்தது. சன்னல்கள் எத்தனை என்பதைவிட, அறை எதை நோக்கித் திறக்கிறது என்பதையே ஆண்டோ முதன்மையாகக் கொண்டார். 1979இல் ஜப்பான் கட்டடக்கலை நிறுவனத்தின் பரிசும் இவ்வீட்டிற்குக் கிடைத்தது.

நம் நகரங்களில் ஒரு வீட்டுச் சன்னலுக்கு நேரெதிரே அடுத்த வீட்டுச் சன்னல் அமைந்து, இரண்டுமே பகலிலும் திரையிட்டுக் கிடப்பதைக் காணலாம். அத்தகைய மனைகளிலும் நடுவே சிறிது வெட்டவெளி விட்டு, அறைகளை அதன்பால் திருப்ப இயலும். சுற்றிலும் குறுகிய தாழ்வாரம் ஒன்றை இறக்கிவிட்டால் குடையும் தேவைப்படாது.