நுண்படச் சுருளிலிருந்து கணினித் திரைக்கு

காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீஸ்களும், 1992இல் அவர் மறைந்தபின் சிதறாமல் சென்னைக்கு வந்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. புரட்டினாலே நொறுங்கும் தாள்களை அங்கே பக்கம் பக்கமாக நுண்படச் சுருளில் (மைக்ரோஃபிலிம்) பதித்தார்கள்.

இத்தகைய சுருள்களில் பாலியெஸ்டர் சுருள், குளிர்ந்த உலர்ந்த அறையில் நூற்றாண்டுகள் தாங்கும். பழைய அசிட்டேட் சுருளோ சிதையத் தொடங்கினால் வினிகர் நெடி வீசும், சுருங்கி நெளியும். நெடி வந்துவிட்டால் கணினிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போட முடியாது.

ஸ்கேனரில் சுருள் ஓட ஓட, ஒளி அதை ஊடுருவும். எதிரேயுள்ள கேமரா ஒவ்வொரு சட்டத்தையும் படமாக்கும். நெகட்டிவாக இருந்தால் கறுப்பும் வெள்ளையும் இடம் மாற்றப்படும். இவ்வளவும் இயந்திரம் செய்யும். உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான். நுண்படம் எடுத்த அன்று பக்கம் கோணலாகவோ எழுத்து மங்கலாகவோ பதிவாகியிருந்தால் அக்குறை அப்படியே வரும். ஒவ்வொரு படத்தையும் ஒருவர் கண்ணால் பார்த்து, நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் படம் இருந்தும் தேடுபவர் கைக்கு எட்டாது.

டிஜிட்டலாக்கியபின் சுருளை எறிந்துவிடக் கூடாது. அதைப் படிக்க வெளிச்சமும் உருப்பெருக்கியும் போதும்.