குளிர்நாட்டு வீட்டில் தண்ணீர்க் குழாய்

அம்பிட்டியவில் மார்கழிக் குளிருக்கு ஒரு கம்பளி போதும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். 1983க்குப் பின் நம்மவர்கள் பெருமளவில் குடியேறிய இங்கிலாந்திலோ வீட்டுக் குழாயே உறைந்துவிடும். யுத்தத்தில் கணவரை இழந்து, பிள்ளைகளிடம் அங்கே போகும் சகோதரிகள் என்னிடம் விசாவைப் பற்றிக் கேட்பார்கள். வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

அங்குள்ள பழைய வீடுகள் பலவற்றில் தண்ணீர்த் தாங்கி கூரைக்கு அடியில் இருக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், குழாய் வெடிக்கும். பனிக்கட்டி உருகியதும் வீடெல்லாம் வெள்ளம்.

அறைச் சூடு மேலே போகாதிருக்கக் காப்புப் பஞ்சு விரித்தால், கூரையடி இன்னும் குளிரும். ஆகவே குழாய்களுக்கும், தாங்கியின் பக்கங்களுக்கும் மூடிக்கும் காப்புறை சுற்ற வேண்டும். தாங்கியின் அடியில் மட்டும் பஞ்சு வேண்டாம். கீழிருந்து எழும் சூடு அதைக் காக்கும். குளிர்காலத்தில் வெளியூர் போனாலும் வீட்டுச் சூடாக்கியைக் குறைந்த அளவில் விட்டுச் செல்லுங்கள்.

குழாய் உறைந்துவிட்டால் பிரதான வால்வைப் பூட்டி, தண்ணீர் வரும் பைப்பைத் திறந்து, இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியால் அந்தப் பக்கமிருந்தே சூடுகாட்டுங்கள். நெருப்பு வேண்டவே வேண்டாம்.

போன முதல் நாளே அந்த வால்வு எங்கே என்று கேளுங்கள். உங்கள் கையாலேயே ஒருமுறை பூட்டித் திறந்து பாருங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியே இருக்கப்போவது நீங்கள்தான்.