உங்களுக்குத் தெரியுமா? அலுமினிய ஜன்னலுக்குப் பின்னால் ஒரு வெள்ளை உப்பு

சிங்கப்பூரின் காத்தோங்கில் கடற்காற்றைத் தாங்கி நிற்கும் அடுக்குமாடி வீடுகளில் அலுமினிய ஜன்னல் சட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய அலுமினியத்தை விரிசலின்றி வார்க்க உலகெங்கும் உதவுவது பொட்டாசியம் ஹெக்சாபுளோரோடைட்டனேட் என்ற வெள்ளை உப்பு.

டைட்டானியம் டைஆக்சைடை ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் இது வெண்படிகமாக அடியில் தங்கும். குளிர்ந்த நீரில் கொஞ்சமே கரையும். சுடுநீரில் நன்றாகவே கரையும். சுத்திகரிக்க இந்தக் குணமே வசதி.

இதன் அருமை உலைக்களத்தில்தான் தெரியும். உருகிய அலுமினியத்தில் இதையும் பொட்டாசியம் புளோரோபோரேட்டையும் கலந்தால் டைட்டானியம் டைபோரைடு நுண்துகள்கள் உருவாகின்றன. இப்படிக் கிடைக்கும், 5% டைட்டானியமும் 1% போரானும் உள்ள கலப்புலோகத்தை, வார்க்கவேண்டிய அலுமினியத்தில் டன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ போட்டாலே போதும். உலோகம் உறையும்போது அத்துகள்களைப் பிடித்துக்கொண்டு எண்ணற்ற படிகங்கள் ஒரே நேரத்தில் வளரத் தொடங்கும்; எதுவும் பெருத்துவிடாது. வார்ப்பு சீராக அமைகிறது.

1825இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் தூய்மையற்ற டைட்டானியத்தைப் பிரித்தெடுத்ததும் இந்த உப்பிலிருந்துதான். இந்த உப்புக்குத் தேவையான டைட்டானியத்தின் தாதுவான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நிறையவே கிடைக்கிறது.

பொட்டாசியம் ஹெக்சாபுளோரோடைட்டனேட் நச்சு உப்பு. இதன் தூசி மூச்சில் போகாமல் ஆலைத் தொழிலாளர்கள் முகக்கவசம் அணிந்தே தீரவேண்டும்.