சிறு புள்ளியில் தொடங்கிய பெரிய பொறுப்பு

மாணவர்களே, கெப்பாலா பத்தாஸ், பெர்தாம் வட்டாரத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூ.எஸ்.எம்.) உயர்நிலை மருத்துவ, பல் மருத்துவக் கழகம் இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அதைக் கடந்துதான் பள்ளிக்குச் செல்கிறீர்கள். 1969இல் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தை 2016 முதல் 2019 வரை ஒரு பெண் விஞ்ஞானி வழிநடத்தினார். அவர் பேராசிரியர் டாக்டர் அஸ்மா இஸ்மாயில், யூ.எஸ்.எம். கண்ட முதல் பெண் துணைவேந்தர்.

நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் வேந்தர் பதவி மதிப்புக்குரிய பதவி. அன்றாட நிர்வாகம், நிதி, ஆய்வு ஆகியவற்றைப் பார்ப்பவர் துணைவேந்தர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் ரஃபியா சாலிம் 2006இல் அப்பொறுப்பை ஏற்கும்வரை மலேசியாவில் எந்தப் பெண்ணும் அந்த நாற்காலியில் அமர்ந்ததில்லை.

அஸ்மா படித்தது உயிரியல். அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பிறகு நெவாடாவிலேயே முனைவர் பட்டத்தை முடித்து நாடு திரும்பினார். கிளாந்தான், கூபாங் கெரியானில் உள்ள யூ.எஸ்.எம். வளாகத்தில் ஆய்வைத் தொடங்கினார். அப்போது அம்மாநிலத்தைத் தொல்லைப்படுத்திய நோய்களுள் ஒன்று டைபாய்டு காய்ச்சல்.

டைபாய்டை உண்டாக்குவது சால்மொனெல்லா டைஃபி என்னும் பாக்டீரியா. அசுத்தமான நீர், உணவு வழியாக அது உடலுக்குள் நுழைகிறது. நாள்கணக்கில் காய்ச்சல், தலைவலி, சோர்வு எனத் தொடங்குவதால் வேறு காய்ச்சல்களிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். நோயாளியின் இரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி. ஆனால், அதற்குச் சில நாள்கள் ஆகும். நல்ல ஆய்வுக்கூடமும் வேண்டும். 1896இல் அறிமுகமான விடால் சோதனை விரைவானது என்றாலும், அதன் முடிவுகள் பல நேரங்களில் குழப்பத்தைத் தந்தன.

அஸ்மாவும் அவருடைய குழுவினரும் வேறொரு கேள்வி கேட்டார்கள். கிருமியையே தேடாமல், அதை எதிர்த்து நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களைத் தேடினால் என்ன? கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு புரதத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். அந்தப் புரதத்தைச் சிறிய சவ்வுத் துண்டில் புள்ளியாக இட்டு, அதன்மேல் நோயாளியின் இரத்த நீரைச் சேர்ப்பார்கள். டைபாய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தால், அது புரதத்துடன் ஒட்டிக்கொள்ளும். அடுத்து நொதி இணைக்கப்பட்ட மற்றோர் எதிர்ப்பொருளையும் நிறமூட்டியையும் சேர்த்தால் புள்ளி நிறம் மாறும். எதிர்ப்பொருள் இல்லையென்றால் நிறம் வராது. இதுவே டைஃபிடாட். நாள்கணக்கான காத்திருப்பு, சில மணி நேரமாகச் சுருங்கியது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நோயின் தொடக்கத்தில் முதலில் வருபவை ஐ.ஜி.எம். வகை எதிர்ப்பொருள்கள். பின்னால் வரும் ஐ.ஜி.ஜி. வகை, நோய் குணமான பிறகும் நீண்ட காலம் உடலில் தங்கிவிடும். ஆகவே ஐ.ஜி.ஜி. மட்டும் தெரிந்தால், பழைய தொற்றா, புதிய தொற்றா என்று சொல்ல முடியாது. ஐ.ஜி.எம்.மை மட்டும் தனியே கண்டறியும் டைஃபிடாட்-எம் பின்னர் உருவானது இதற்காகத்தான்.

இச்சோதனை ஆய்வுக்கூட அலமாரியிலேயே நின்றுவிடவில்லை. விற்பனைக்கு வந்து, மலேசியாவுக்கு வெளியேயும் பல நாடுகளில் பயன்பட்டது. ஆயினும், பிற்காலத்தில் பல நாட்டு ஆய்வுகளை ஒப்பிட்டவர்கள், இதன் துல்லியம் நடுத்தரமே என்றும், கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இது முழு மாற்று அன்று என்றும் கண்டனர். நல்ல கண்டுபிடிப்பும் தொடர்ந்து சோதிக்கப்பட வேண்டும் என்பதே அறிவியலின் விதி.

ஆய்வாளர் எப்படி நிர்வாகி ஆனார்? யூ.எஸ்.எம்.மில் மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகத்தின் நிறுவன இயக்குநராக இருந்தார். ஆய்வுக்கான துணைத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். பிறகு மலேசிய இஸ்லாமிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், 2014இல் உயர்கல்வித் துறையின் தலைமை இயக்குநர் என்று பொறுப்புகள் வளர்ந்தன. மலேசிய அறிவியல் கழகத்தின் முதல் பெண் தலைவரும் அவரே. ஆய்வுக்கூடத்தில் ஒரு கிருமியைப் பற்றி எடுத்த முடிவு ஒரு பரிசோதனையைப் பாதிக்கும். துணைவேந்தர் எடுக்கும் முடிவோ ஆயிரக்கணக்கான மாணவர்களைப் பாதிக்கும். இரண்டிலும் ஆதாரம் கேட்டு முடிவெடுக்கும் பழக்கமே துணை நிற்கிறது.

படிவம் 4இல் எந்தத் துறையை எடுப்பது என்று யோசிக்கும் மாணவர்களே, அறிவியல் படித்தால் மருத்துவர் அல்லது பொறியியலாளர் என்ற இரண்டே கதவுகள்தாம் என்று யாரேனும் சொன்னால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, ஆய்வுக்கூடத்தில் ஒரு பயிற்சியும் செய்து பாருங்கள். ஒருவரின் சோதனையில் ஐ.ஜி.ஜி. மட்டும் தெரிகிறது, ஐ.ஜி.எம். தெரியவில்லை. அவருக்கு இப்போது டைபாய்டு இருக்கிறதா? உங்கள் விடையை ஒரு பத்தியில் எழுதி, காரணத்தையும் சேர்த்து உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.