எட்டு ரூபாய்க்கு எதை வாங்குகிறோம்?

அண்மையில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றிருந்தார் வீடுகளுக்கு உணவு கொண்டுசெல்லும் இளைஞர் ஒருவர். தம்முடைய 110 சிசி வண்டிக்கு இருநூறு ரூபாய்க்குப் பிரீமியம் பெட்ரோல் கேட்டு வாங்கினார். "ஏன் தம்பி, சாதாரண பெட்ரோல் போதாதா?" என்று கேட்டேன். "வண்டிக்கு நல்லதுன்னு சொன்னாங்க சார். இஞ்சின் ரொம்ப நாள் உழைக்குமாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்பதற்குள் அவரது கைப்பேசி ஒலித்தது, புறப்பட்டுவிட்டார். விலைக் கோட்பாட்டைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்திய எனக்கு அந்தப் பதில் வீடு வரை துணைக்கு வந்தது.

சாதாரண பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், பிரீமியம் 109 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு ரூபாய்க்கு அந்த இளைஞர் இழந்தது ஏறத்தாழ 145 மில்லி லிட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது ஏழு கிலோமீட்டர் தூரம். நாள்தோறும் வண்டியோட்டிப் பிழைப்பவருக்கு இது சிறு தொகையன்று.

அப்படியானால் அவர் பெற்றது என்ன? பிரீமியம் பெட்ரோலின் பெயருடன் ஒட்டிவரும் 95 என்ற எண் ஆக்டேன் அளவைக் குறிப்பது. இதை ஆற்றலின் அளவு என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இது பெட்ரோலின் பொறுமையின் அளவு. சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் அழுத்தப்படும்போது, கலவையின் ஒரு பகுதி உரிய முறைக்கு முந்திக்கொண்டு தானே வெடித்தால் 'டக் டக்' என்று தட்டும் ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் இதை 'நாக்கிங்' என்பார்கள். அவ்வாறு முந்தி வெடிக்காமல் தாங்கும் திறனே ஆக்டேன். எளிதில் தட்டும் ஹெப்டேனுக்குச் சுழியமும், நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு நூறும் கொடுத்து 1920-களில் அமெரிக்காவில் இந்த அளவுகோலை வகுத்தார்கள். ஆக்டேன் கூடுவதால் மட்டும் ஒரு லிட்டரில் அடங்கிய வெப்ப ஆற்றல் கூடிவிடுவதில்லை.

ஆகவே, அழுத்த விகிதம் அதிகமுள்ள இஞ்சின்களுக்கும், டர்போ பொருத்திய சில இஞ்சின்களுக்கும் உயர் ஆக்டேன் தேவைப்படுகிறது. ஐரோப்பிய சொகுசு கார்கள் சிலவற்றின் கையேட்டில் 95 என்றே அச்சிட்டிருப்பார்கள். அத்தகைய காரில் 91 ஊற்றினால், இஞ்சினின் உணர்கருவி தட்டலைக் கண்டறிந்து தீப்பொறி பாயும் நேரத்தைத் தள்ளிவைக்கும். வேகமும் மைலேஜும் சற்றுக் குறையும். அவர்கள் கூடுதல் விலை கொடுப்பதில் பொருள் உண்டு. கையேட்டில் 91 என்று உள்ள வண்டிக்கு அந்தக் கூடுதல் பொறுமையால் பயனில்லை. என் காரின் கையேடு 91 என்கிறது. அதைத் தேடி எடுத்துப் படிக்க எனக்கே பல ஆண்டுகள் ஆயின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மைலேஜ் கூடுகிறதே என்று சில நண்பர்கள் வாதிடுவதுண்டு. கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார், எட்டு ரூபாய் கூடுதல் விலையை ஈடுகட்ட 16.2 கிலோமீட்டர் தர வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவர் அதைப் பெறாவிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,400 ரூபாய் இழக்கிறார். நெரிசல், டயரின் காற்று, குளிர்சாதனம் ஆகியவற்றாலேயே மைலேஜ் மேலும் கீழும் போகும் நிலையில், இந்த வேறுபாட்டை ஓட்டுநர் உணர்ந்து சொல்வது அரிது.

பிரீமியம் பெட்ரோலில் கசடு நீக்கும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஆக்டேனோடு தொடர்பில்லாத வேறு சரக்கு. எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று பெட்ரோல் நிரப்பும் கருவியில் எழுதியிருக்க நான் கண்டதில்லை.

இப்போது இன்னொரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் அளவு நூற்றுக்கும் மேல். 20 விழுக்காடு எத்தனால் கலந்ததால் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 91-லிருந்து 95-ஆக உயர்ந்திருப்பதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. அது சரியென்றால், 95 என்ற எண்ணுக்காக எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர் வாங்குவது அந்தக் கசடு நீக்கியை மட்டும்தானே? எத்தனாலைத் தவிர்க்க எண்ணிப் பிரீமியத்தை நாடுவோரும் இருக்கிறார்கள். விலை கூடியது என்பதாலேயே அதில் எத்தனால் இராது என்று கொள்ள முடியாது. எத்தனாலின் வெப்ப ஆற்றல் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு; மைலேஜ் குறைகிறது என்ற புகாரின் வேர் அங்கே இருக்கிறது. அதற்கு ஆக்டேன் மருந்தாகாது.

பொருளியலில் 'நம்பிக்கைப் பண்டங்கள்' என்றொரு வகை உண்டு. டார்பி, கார்னி என்ற இருவர் 1973-இல் வகுத்த கருத்து அது. பயன்படுத்திய பிறகும் தரத்தை நுகர்வோரால் உறுதிசெய்ய இயலாத பண்டங்கள் இவை; மருத்துவம், வாகனப் பழுதுபார்ப்பு போன்றவை. இத்தகைய சந்தையில் விலையையே தரத்தின் அடையாளமாக மக்கள் கொள்கிறார்கள். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ஏழையிடமும் உண்டு. பிழைப்புக்கு ஒரே வண்டியை நம்பியிருப்பவரிடம் சற்று அதிகமாகவே உண்டு. அந்தக் கூடுதல் விலையிலும் வரி இருக்கிறது. வணிகப் பெயரில் விற்கும் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல் அதிகம். தமிழகத்தின் மதிப்புக் கூட்டு வரியில் ஒரு பகுதி விலையின் 13 விழுக்காடு என்பதால் அதுவும் உயரும். எட்டு ரூபாயில் ஏறத்தாழ இரண்டு ரூபாய் இஞ்சினுக்குப் போகவே இல்லை.

படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். தேவையில்லாத கார்களில் பிரீமியம் நிரப்பி ஓராண்டில் 210 கோடி டாலருக்கு மேல் அமெரிக்கர்கள் வீணாக்கியதாக, அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2016-இல் கணக்கிட்டது. அத்தனைக்கும் அங்கே ஒவ்வொரு பெட்ரோல் குழாய்க்கு அருகிலும் மஞ்சள் வில்லையில் ஆக்டேன் எண்ணைக் காட்டுவது 1979 முதல் கட்டாயம். (அவர்களது அளவிடும் முறை வேறு, அவர்களின் 87-ஐ நம் 91-க்கு ஏறத்தாழ இணையாகக் கொள்ளலாம்.)

இங்கும் பெட்ரோல் குழாய் ஒவ்வொன்றின் அருகிலும் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் விழுக்காட்டையும் தமிழில் எழுதி ஒட்டச் செய்ய வேண்டும். சாதாரண பெட்ரோல் இருப்பில் இல்லை என்று சொல்லிப் பிரீமியத்தை நீட்டும் நிலையங்களில், இருப்பு விவரத்தை நுழைவாயிலிலேயே வைக்கச் சொல்லலாம். அந்த இளைஞரை மீண்டும் பார்த்தால், வண்டியோடு கொடுத்த கையேடு வீட்டில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.