ஆறு புள்ளிகளும் ஆலய இசையும்



பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அதை உருவாக்கிய லூயி பிரெயில், ஞாயிறுதோறும் திருப்பலியில் இசை மீட்டியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் தம் எழுத்து முறையை விளக்கி 1829-ஆம் ஆண்டு, இருபதாவது வயதில் ஒரு நூலை வெளியிட்டார். சொற்களையும், இசையையும், ஆலயத்தில் பாடும் இலத்தீன் பாடல்களையும் புள்ளிகளால் எழுதும் முறை என்பதே அந்நூலின் தலைப்புக்குப் பொருள். வழிபாட்டுப் பாடலுக்கு முகப்பிலேயே இடம் கொடுத்திருக்கிறார் பாருங்கள்!

லூயி பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகருக்குக் கிழக்கே உள்ள கூவ்ரே என்ற சிற்றூரில் 1809 சனவரி 4 அன்று பிறந்தார். தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது தோல் தைக்கும் கூரிய கருவி ஒரு கண்ணில் குத்திவிட்டது. புண் சீழ்பிடித்து மற்றக் கண்ணுக்கும் பரவ, ஐந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போயிற்று. அவருக்கு முதலில் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவ்வூர்ப் பங்குத்தந்தை. (ஒரு பங்குத்தந்தையாக இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்!) பத்து வயதில், 1819-இல், பாரிஸிலுள்ள பார்வையற்ற இளையோருக்கான அரசுப் பள்ளியில் லூயி சேர்ந்தார். அங்கே பியானோவும் செல்லோவும் கற்று, பிறகு ஆர்கனுக்கு வந்தார்.

அந்நாளில் பார்வையற்ற ஒருவர் இசை கற்பது எப்படி? ஆசிரியர் வாசித்துக் காட்டுவார், மாணவர் காதால் வாங்கி மனத்தில் வைத்துக்கொள்வார். மறந்துபோனால் மீண்டும் ஆசிரியரிடம்தான் போக வேண்டும். பள்ளியில் புத்தகங்கள் இருந்தன. வழக்கமான எழுத்துகளையே பெரிதாகப் புடைக்கச் செய்து அச்சிட்ட கனத்த புத்தகங்கள் அவை. தடவித் தடவி மெதுவாக வாசிக்கலாம், ஆனால் தம் கையால் எழுத வழியில்லை. பார்பியே என்ற படை அதிகாரி பன்னிரண்டு புள்ளிகள் கொண்ட ஒரு முறையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அது ஒலிகளை மட்டுமே குறித்தது. அதில் எழுத்துக்கூட்டலுக்கு இடமில்லை, இசைக்கும் இடமில்லை. லூயி அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிடும் அந்த ஆறு புள்ளிகளில் 63 வடிவங்கள் கிடைக்கின்றன.

இசையை அவர் எழுதிய விதத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மேலே உள்ள நான்கு புள்ளிகள் எந்தச் சுரம் என்று சொல்லும். கீழே உள்ள இரண்டு புள்ளிகள் அச்சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும். ஆகவே ஒரே தொடுதலில் சுரமும் கிடைக்கிறது, காலமும் கிடைக்கிறது. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. வாசிக்கவும் விரல் வேண்டும், மீட்டவும் விரல் வேண்டும்! எனவே பார்வையற்ற இசைஞர் இடக்கையால் புள்ளிகளைத் தடவிக்கொண்டே வலக்கைப் பகுதியை மீட்டிப் பழகுவார். பிறகு கை மாற்றி இடக்கைப் பகுதி. ஆர்கனாக இருந்தால் கால்களால் மிதிக்கும் கட்டைகளுக்கு உரிய பகுதி வேறு. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து ஒன்றாக இணைத்த பிறகே ஆலயத்துக்கு வருவார். திருப்பலி நேரத்தில் அவருக்கு முன்னால் தாள் எதுவும் இருக்காது. நம் பாடகர் குழுக்களில் காணிக்கைப் பாடல் தொடங்கிய பின்னும் கைப்பேசியில் பாடலைத் தேடிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையர் இதைக் கேட்டால் நல்லது.

1834 முதல் 1839 வரை பாரிஸில் புனித நிக்கோலாஸ் பெயரால் அமைந்த ஓர் ஆலயத்தில் லூயி ஆர்கன் வாசித்தார். பின்னர் புனித வின்சென்ட் தே பவுல் ஆலயத்திலும் வாசித்தார். அக்காலத்துப் பிரெஞ்சு ஆலயங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பாடலின் ஓர் அடியைப் பாடகர்கள் பாடுவார்கள். அடுத்த அடிக்குப் பதிலாக ஆர்கன் மட்டும் ஒலிக்கும். அந்த இடைப்பகுதியை ஆர்கன் வாசிப்பவரே அந்த நேரத்தில் கற்பனை செய்து மீட்ட வேண்டும். பாடகர்கள் விட்ட சுரத்திலிருந்து தொடங்க வேண்டும், அவர்கள் மீண்டும் எடுக்க வசதியான சுரத்தில் நிறுத்த வேண்டும். பீடத்தில் அருள்பணியாளர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதையும் காதாலேயே கண்டுகொள்ள வேண்டும். இதற்குக் கண்ணைவிடக் காது முக்கியம். தட்டை உயர்த்தியபடி நான் பீடத்தில் காத்து நிற்க, மேலே நான்காவது சரணம் தொடங்கும் அனுபவம் எனக்கு உண்டு. கண் தெரிந்தவர்கள்தாம் பாடினார்கள்.

இசை லூயிக்குப் பிழைப்பாகவும் இருந்தது, இறைப்பணியாகவும் இருந்தது. பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியபடியே காசநோயுடன் பல ஆண்டுகள் போராடினார். பள்ளி நிர்வாகமே ஒரு கட்டத்தில் அவருடைய எழுத்து முறையை ஒதுக்கி வைத்தது. மாணவர்கள் விடவில்லை. 1852 சனவரி 6, மூன்று அரசர்கள் திருநாளன்று, 43 வயதில் அவர் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அம்முறை அப்பள்ளியில் அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்டது. அதே பள்ளியில் பயின்ற லூயி வியேர்ன், பார்வை மிகக் குறைந்தவர். 1900 முதல் 1937 வரை நோத்ரு தாம் பேராலயத்தின் ஆர்கன் கலைஞராக இருந்தார். அந்த ஆர்கனின் முன்னே அமர்ந்தபடியே உயிர் விட்டார். முற்றிலும் பார்வையற்ற ழான் லாங்லே 1945 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புனித குளோதில்ட் ஆலயத்தில் வாசித்தார்.

இங்கே விவிலியத்தைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம். பார்வையற்றவர் பலி செலுத்த அணுகக் கூடாது என்று லேவியர் நூல் 21-ஆம் அதிகாரம் விலக்கி வைத்தது. மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்திலோ எரிகோ வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருக்கிறார் பர்த்திமேயு. அவர் குரல் எழுப்பியபோது, பேசாதிரு என்று அதட்டியது யார்? இயேசுவோடு நடந்து வந்த கூட்டம்தான். இயேசு நின்று அவரை அழைக்கச் சொல்கிறார், உமக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்கிறார். அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. ஆலய வாசலில் ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறோம். பாடகர் குழுவினர் ஆற்றுவது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் அந்தப் பணியிலிருந்து ஒருவரை வாசலில் நிறுத்தி வைப்பது சாதாரணக் காரியம் அல்ல.

இந்திய மொழிகளுக்கான பொதுவான பிரெயில் முறை 1951-இல் ஏற்கப்பட்டது. தமிழில் ‘அ’ என்று எழுதவும் லூயி தம் முதல் எழுத்துக்கு வைத்த அதே ஒற்றைப் புள்ளிதான். உங்கள் பங்கில் பார்வையற்ற பிள்ளைகள் இருக்கலாம், வயதாகிப் பார்வை மங்கிய நல்ல பாடகர்களும் இருக்கலாம். பாடல் பயிற்சியின் நாளையும் நேரத்தையும் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள். பாடல்களை ஒலிப்பதிவு செய்து முன்னதாகவே கொடுங்கள். ஆர்மோனியத்தையோ கீபோர்டையோ கையால் தொட்டுப் பார்க்க விடுங்கள். பாடகர் மாடத்துக்கு எத்தனை படிகள் என்று ஒருமுறை எண்ணிக் காட்டினால் போதும், இரண்டாம் வாரம் அவர்களே ஏறி வருவார்கள்.